ஏழாவது ஆள்

"பன்னெண்டு பேர்ல பன்னெண்டாவதா வந்தவன எடுக்கிறியே, உனக்கு மண்டை கிண்டை கழண்டு போச்சா?"

மில்லின் லேபர் ஆபீசர் சண்முகராஜ் இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை.

தேனியில் அந்த மில் அந்த வருஷம்தான் கபடி டீம் ஆரம்பித்தது. டீமில் இடம் கிடைத்தால் மில்லில் நிரந்தர வேலை. எழுபதுகளில் அந்தப் பக்கத்தில் மில் வேலை என்றால் பெண் கொடுக்க வீடு தேடி வருவார்கள்.

ஆட்களைப் பார்த்து வரிசைப்படுத்த மதுரையிலிருந்து கோச் பலவேசம் வந்திருந்தார். ஓடவிட்டார், பாடவிட்டார், பிடிக்கவிட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ரேங்க் சொல்லிவிட்டார். முதல் ஆறு பேர் நேராக டீமுக்கு. ஏழாவது ஆளை மட்டும், முதல் ரேங்கில் வந்து கேப்டனான வீரணன் எடுக்கலாம் என்பது மேனேஜரின் ஏற்பாடு. கூட நின்று ஆடப்போகிறவன் அவன்தானே.

அது சும்மா மரியாதைக்குத்தான். ஏழாவது ரேங்க் செல்வமணி. அவன் முதுகில் எல்லாரும் தட்டிக்கொடுத்துக்கூட முடிந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்த வீரணன், செல்வமணியைத் தாண்டிப்போய், கடைசியில் குத்தவைத்திருந்த கருத்தக்கண்ணன் தோளில் கை வைத்தான்.

கோச்சுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய்யா, நீயும்தான பார்த்த? செல்வமணி பாடிப் போனப்ப லட்டு மாதிரி கால் கிடைச்சது இவனுக்கு. பிடிச்சும் விட்டுட்டான். கையில பலமே இல்ல."

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா எம் மனசு இவனத்தான் சொல்லுது."

"மனசு சொல்லுதாம். அந்த மனசுக்கு எத்தன கோழி போச்சோ" என்று முணுமுணுத்தார் சண்முகராஜ்.

அவருக்கு ஒரு குணம். காரணம் தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

சொந்தமா? வீரணன் கோம்பை, கருத்தக்கண்ணன் பண்ணைப்புரம். கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது. கோழி கொடுத்தானா? அந்த வீட்டில் கோழிக்குப் போட அரிசியே இல்லை. கிணறு வற்றிப்போய், அவன் ஆத்தா ராக்கம்மாள் ஊரான் காட்டில் களை எடுக்கிறாள்.

ஒரு காரணமும் கிடைக்காததில் அவருக்கு அரிப்பு அதிகமானதுதான் மிச்சம். பஜாருக்குப் போனார். அங்கே ஒரு பலசரக்குக் கடையில் செல்வமணி பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜர்கிட்ட ஒரு மனு குடுப்பா. மத்தத நான் பேசிக்கிறேன். அது உனக்கு வரவேண்டிய வேல."

"வேணாம் சார். கேப்டன் மனசுல பட்டுச்சுன்னா சரியாத்தான் இருக்கும்."

"வேல போச்சேன்னு வருத்தமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா சார்?" சீரகப் பொட்டலத்தில் நூலைச் சுற்றி அறுத்தான். "எங்கய்யா இன்னும் எங்கூட மொகம் குடுத்துப் பேசல."

பிழைக்கத் தெரியாத பயல் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினார் சண்முகராஜ்.

கருத்தக்கண்ணன் வேலையில் சேர்ந்தான். கொஞ்ச நாளில் மில் கேன்டீனிலிருந்து புகார் வந்தது. "சார், அந்தப் பண்ணைப்புரத்தான் ஒருத்தனே மூணு ஆள் சோறு திங்கிறான்."

"வீரணன் மனசு சரியாத்தான்யா சொல்லியிருக்கு. திங்கிறதுல அவன்தான் ஒண்ணாம் நம்பர்" என்றார் சண்முகராஜ். ஆபீசே சிரித்தது.

தை மாதம் போடியில் டோர்னமெண்ட். மில் டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் நிற்கிறார்கள். கடைசிப் பாட்டு. எதிர் டீமின் நெட்டையன் பாடி வருகிறான். அன்று முழுக்க அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை.

கருத்தக்கண்ணன் சட்டென்று குனிந்து கணுக்காலைப் பிடித்தான்.

நெட்டையன் இழுத்தான், உதறினான், புரண்டான். கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. பிடி விடவில்லை. பாட்டு நின்றது. விசில் ஊதியது.

"அன்னைக்கு இந்தப் பிடி எங்கய்யா போச்சு?" என்று கோச் பலவேசம் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"கேப்டன் மனசுல நான் இருந்தேன் சார். அதக் காப்பாத்தணும்ல?" கருத்தக்கண்ணன் முகமெல்லாம் மண்ணும் சிரிப்புமாக இருந்தான்.

சண்முகராஜுக்குத் தாங்கவில்லை. வீரணனை ஓரமாக இழுத்துப்போனார்.

"இன்னைக்குச் சொல்லிரு. கோச் கண்ணுக்குப் படாதது உன் மனசுக்கு எப்படிய்யா பட்டுச்சு?"

வீரணன் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான்.

"அன்னைக்கு டீ குடிக்கப் போனேன்ல, அங்கன செல்வமணி வந்தான் சார். 'அண்ணே, எங் காலப் பிடிச்சான்ல, எங்க பிடிக்கணும்னு தெரிஞ்ச கையிண்ணே அது. ஆனா நடுங்குது. பட்டினியில வர்ற நடுக்கம். ஒழுங்கா சோறு கிடைச்சா அவன ஆரும் உதற முடியாது. எம் எடத்த அவனுக்குக் குடுத்துருங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா கூசிப்போவான், உங்க மனசு சொல்லுச்சுன்னே இருக்கட்டும்'னான்."

சண்முகராஜ் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் கயிற்றோரமாக செல்வமணி நின்றிருந்தான். கத்திக் கத்தித் தொண்டை போய், கையை மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். மனு கொடுக்கச் சொன்னது ஞாபகம் வந்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப உன் மனசு ஒண்ணுமே சொல்லலையாய்யா?"

"சொல்லுச்சு சார். கோச் சார் சொன்ன மாதிரியே எம் மனசும் அந்தச் செல்வமணியத்தான் சொல்லுச்சு. அவன்தான் கேக்கல."