தூண் இருந்த இடம்

லைசென்ஸ் இல்லாமல் கட்டின வீடு விரிசல் விட்டால், அதற்குக் காரணமானவர் அந்தக் கூரையின் கீழேயே மூன்று மழைக்காலம் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் கண்ணுகளா, வெள்ளியங்கிரி மேஸ்திரி கோகிலமணி வீட்டுக் கூடத்தில், விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கு நேர் கீழே பாய் விரித்திருந்தார். காலில் ஒரு வளையம். வாசலைத் தாண்டினால் அது கத்தும். பக்கத்தில் பேசினால், அதை மாட்டிவிட்ட அலுவலகத்தில் கேட்கும்.

கோகிலமணி மத்தியானச் சோறு போட்டாள். மேலிருந்து பூச்சு உதிர்ந்து தட்டில் விழுந்தது.

"வேற தட்டு கொண்டாறேனுங்க."

"இருக்கட்டுமுங்க அக்கா. என்ற கை பூசுனதுதானுங்களே." பொறுக்கி ஓரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

கூடத்து நடுவில் தூண் இருந்தே ஆகவேண்டும் என்று வீடு கட்டும்போதே அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "சாமி ரூமை மறைக்குது, எடுத்துப்போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். விசாரணையில் "என்ற கணக்குத்தானுங்க தப்பு" என்று அவர் தலைகுனிந்தபோது, இவள் முந்தானையைத் திருகிக்கொண்டு சும்மா நின்றாள். வாயைத் திறந்திருந்தால் இவளுக்கும் வளையம் மாட்டியிருப்பார்கள். இப்போது விரிசல் இல்லாத பின்கட்டில் படுத்துக்கொள்கிறாள், தூக்கம்தான் வருவதில்லை.

இன்னொரு சில்லு விழுந்தது. அதையும் பொறுக்கினார்.

கோகிலமணி கரண்டியை வைத்துவிட்டு, அவர் காலருகே உட்கார்ந்து, வளையத்திடம் குனிந்தாள்.

"தூணை எடுக்கச் சொன்னது நானுங்க. அவரு வேண்டாமுன்னுதான் சொன்னாரு."

மேஸ்திரியின் கை சோற்றிலேயே நின்றது.

"அக்கா, ஆபீஸ்காரவிங்க வர்றதுக்குள்ள கொலுசைக் கழட்டி வெச்சிருங்க. வளையத்துல உரசிப் புண்ணாயிருமுங்க."