பருப்பு என்ன சொல்லுது

"ஏன்க்கா, பருப்பு என்ன சொல்லுது?"

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் சின்னவள் அப்படித்தான் கேட்டாள். ஓவன் கதவருகே காதை வைத்து நின்றிருந்த மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுது."

அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் பேச்சு உப்பு மாதிரி. தேவைக்கு மேல் விழாது.

வால்நட் பருப்பு பேசும் என்பது பொய்யில்லை. சூட்டில் எண்ணெய் கசியும்போது மெல்லப் பொரியும். அந்தச் சத்தம் அடங்கும் நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். மேல் நிறத்தை நம்ப முடியாது. பருப்பு பிறக்கும்போதே பழுப்பு. மற்றவர்கள் மூக்கால் கண்டுபிடிப்பதை மூத்தவள் காதால் கண்டுபிடித்தாள்.

போன வருடம் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கிலிருந்த வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். இந்த கேக் கடை மாமியாருடையது. முன்பிருந்த மாஸ்டரை அவர் வீட்டுக்கு அனுப்பியதே இதற்காகத்தான். "வாசனை தெரியாத ஆள்கிட்ட அடுப்பை விட்டுட்டு, நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?" என்றார். அதோடு சரி.

இவளையும் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டு அடுப்பைச் சின்னவளிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு கரண்டியை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவளிடம்!

அவள் கையிலிருந்து ஏதாவது விழாத நாளே இல்லை. போன மாதம் ஒரு டப்பா கிரீம் சீஸை அப்படியே சிங்க்கில் கவிழ்த்தாள். "கை தவறிடுச்சுக்கா" என்று பல்லைக் காட்டினாள். அன்று முழுக்க மாமியார் அவளை வறுத்தெடுத்தார்.

இன்று மூன்றடுக்கு கேக். முதல் தட்டுப் பருப்பு ஓவனில். பக்கத்து மேசையில் சின்னவள் கிரீம் சீஸையும் வெண்ணெயையும் மெஷினில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அது போட்ட கூச்சலில் பருப்பின் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை.

நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாளே.

கருகினால் கடை முழுக்கத் தெரிந்துவிடும். கடைசியில் தெரியப்போவது மூத்தவளுக்குத்தான்.

டங்!

கரண்டி தரையில் கிடந்தது. "கையில என்ன, எண்ணெய் தடவிக்கிட்டு வந்தியா?" என்று மூத்தவள் சீறினாள். அந்த எரிச்சலிலேயே ஓவனைத் திறந்து தட்டை வெடுக்கென்று இழுத்தாள். ஒரு பருப்பை உடைத்துப் பார்த்தாள்.

உள்ளே இளம் பொன்னிறம். இதற்கு மேல் ஒரு பதம் கிடையாது.

நேற்றும் கரண்டி விழுந்தபோது இப்படித்தானே?

மூத்தவள் உடைத்த பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொதிக்கிற தட்டுகளைச் சின்னவள் தூக்கிக்கொண்டு போகிறாள், ஒன்றும் விழுவதில்லை. கேக் மேல் முடி கனத்துக்குக் கோடு இழுக்கிறாள், கை ஆடுவதில்லை. இந்தக் கரண்டிக்கு மட்டும் அப்படி என்ன?

இரண்டாவது தட்டை உள்ளே வைத்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காதையும் கொண்டுபோகவில்லை. ஓவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய எவர்சில்வர் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மூடிக்குள் சின்னவள் தெரிந்தாள்.

கரண்டி விழாவிட்டால் இன்றோடு அடுப்பு போயிற்று. ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்போல் இருந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருக்க, சின்னவள் பாத்திரத்தின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தாள். வழித்த இடத்தையே திரும்பவும் வழித்தாள்.

பிறகு தலை நிமிர்ந்தது. மூக்கு ஒரு முறை விடைத்தது.

திரும்பாமல் நின்ற மூத்தவளின் முதுகைப் பார்த்தாள். மேசையோரம் இருந்த கரண்டியை முழங்கையால் மெல்லத் தள்ளினாள்.

டங்!

மூத்தவள் ஓடிப்போய்த் தட்டை வெளியே எடுத்தாள். உடைத்துப் பார்க்கவில்லை. சிங்க்கில் போன அந்த கிரீம் சீஸ்தான் நினைவுக்கு வந்தது. தான் தொட்டும் கிளறியும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைத்த டப்பா அது. என்ன நாற்றம் நாறியதோ.

முன்பக்கத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "இன்னைக்கு என்னத்தைப் போட்டு உடைச்சா அந்த மகராசி?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் அத்தை. என் கை தவறிடுச்சு."

மெஷின் நின்றது.

சின்னவள் குனிந்து கரண்டியை எடுத்தாள். கழுவித் துடைத்தாள். மேசையின் அதே ஓரத்தில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தாள்.

பிறகு கேக் பெட்டி எடுக்க வெளியே போனாள்.