ஒட்டாத பட்டை

சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நர்ஸ் ரூமியானா, வளர்ப்புத்தாய் பென்கா, முழங்கை வரை வெந்த தழும்போடு ஏழு வயது ராலித்சா. வாணலியில் குடைமிளகாய் பொரிந்துகொண்டிருந்தது. பென்காவின் விரல்களெல்லாம் எண்ணெய்.

தழும்பு தடிக்காமல் அமுக்கிவைக்க ஒட்டியிருந்த சிலிகான் பட்டையை ரூமியானா தொட்டாள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. அடியில் தழும்பு தடித்துச் சிவந்து மினுமினுத்தது.

"எண்ணெய்க் கையோட ஒட்டினா எப்படி நிக்கும், பென்கா அக்கா?"

"சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டுத்தான் ஒட்டுறேன் சிஸ்டர். காலையில பாத்தா வழுக்கிக் கிடக்கு."

"மூணு மாசமா இதே கதைதான். பட்டைக்குக் கால் முளைச்சிருக்கா?"

பென்கா அடுப்பை அணைத்தாள்.

"ஆறிடுச்சா சிஸ்டர்?" என்றாள் ராலித்சா.

"எங்க ஆறுது? போன மாசத்துக்கு இப்ப மோசம்."

சிறுமி லேசாகச் சிரித்தாள். விவரம் தெரியாத வயசு என்று ரூமியானா நினைத்துக்கொண்டாள்.

கொதிநீர்க் கெண்டி கவிழ்ந்தது விபத்துதான், அப்பாமேல் தப்பில்லை என்று விசாரணை எப்போதோ முடிந்துவிட்டது. தழும்பு அடங்கும்வரைதான் பென்காவின் பொறுப்பு. 'சீக்கிரம் ஆறிட்டா அப்பாகிட்ட போயிடலாம்' என்று ரூமியானாவும் வாராவாரம் ஆசை காட்டிப் பார்த்துவிட்டாள்.

கவனிக்காத வீட்டில் வைத்திருந்து என்ன பயன்? அங்கிருந்தே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் பேசினாள். சம்மதம் கிடைத்தது.

"துணிமணி எடுத்து வைங்க. இன்னைக்கே அவங்கப்பாகிட்ட விட்டுடறேன்."

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சிஸ்டர்."

"ஒரு வாரத்துல முழங்கை இறுகிடும். அப்புறம் கத்திதான் வைக்கணும்."

ராலித்சா அழவில்லை. வண்டியில் வழி நெடுக சட்டைக் கையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது மாடியில் அப்பா கிரசிமிர் இஸ்திரி போட்ட சட்டையோடு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பட்டையை எப்படிக் கழுவுவது, எத்தனை மணி நேரம் ஒட்டுவது என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட மனுஷனிடம் அனுப்பாமல் இத்தனை நாள் வீணடித்தோமே என்றிருந்தது ரூமியானாவுக்கு.

"உள்ள வாம்மா தங்கம்" என்றார்.

வாசற்படியில் ராலித்சா ரூமியானாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆறினா இங்க அனுப்பிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் தினமும் நானே எண்ணெய் தடவினேன்."

கிரசிமிர் புன்னகை மாறாமல் குனிந்து, மகளின் விரல்களைக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

பூட்டில் சாவி இரண்டு முறை சுழன்றது.