வழியில் நின்ற நட்சத்திரம்

"இது இன்னாங்க, கறுப்பு ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா கீது?"

அறை வாசலில் நின்றபடியே அவன் கேட்டதும் ஸ்வாதிக்குப் பாதி பயம் போய்விட்டது. முதல் கேள்வியே அவள் வேலையைப் பற்றி! சமைக்கத் தெரியுமா என்று ஆரம்பிக்கவில்லை.

"உள்ளே போங்க தம்பி, ஸ்வாதி இருக்கா" என்று அம்மாதான் கேசரி கிளறிக்கொண்டே குரல் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

இன்று பெண் பார்க்க வரும் நிர்மலின் போட்டோவை அப்பா ஒரு வாரமாக நீட்டிக்கொண்டிருந்தார். ஸ்வாதி தொடவே இல்லை. மூஞ்சியைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பேசிப் பார்த்துத்தான் முடிவு என்று ஒரே பிடிவாதம். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதை முடிக்க விடுகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவாள். போன முறை பெண் பார்க்க வந்தவன், "இதனால யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டு, பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனான்.

"எதுவா இருந்தாலும் அப்புறம். முதல்ல உட்காருங்க, என் வேலையைச் சொல்லிடறேன்" என்றாள்.

அவன் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நம்ம பால்வெளிக்குப் பக்கத்துல ஒரு குட்டி கேலக்ஸி இருக்கு. அங்கேருந்து வர்ற எக்ஸ்ரேதான் இந்தப் புள்ளிங்க."

"கை ஒடைஞ்சா எடுக்கறாங்களே, அந்த எக்ஸ்ரேவா?"

"அதேதான். செத்துப்போன நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சறப்போ வரும்."

"அடேங்கப்பா! செத்தும் பக்கத்து ஊட்டை உட மாட்டேங்குதா?"

ஸ்வாதி வாய்விட்டுச் சிரித்தாள். பந்தா இல்லாத ஆள்.

"ஆனா எல்லாப் புள்ளியும் அந்த கேலக்ஸியோடது இல்லை. கல்யாண வீட்டு வாசல்ல போட்டோ எடுத்தா தெருவுல போறவரும் விழுந்துடுவார் இல்லையா? அவரைப் போய் சொந்தக்காரர்னு எழுதிடக் கூடாது. யார் வீட்டு ஆளு, யார் வழியில நிக்கிறவர்னு பிரிச்சுப் பட்டியல் போடறதுதான் என் வேலை."

"எப்படிங்க பிரிப்பீங்க?" நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"சாதாரண வெளிச்சத்துல எடுத்த போட்டோவைப் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். அதுல பளிச்சுனு இருந்து, எக்ஸ்ரே மட்டும் கம்மியா இருந்தா, அநேகமா வழியில நிக்கிற நட்சத்திரம்தான்."

"போட்டோ பார்க்காம முடிவு பண்ணிட்டா?"

"அசடு வழிய வேண்டியதுதான். இப்பவே காட்டுவேன், காலையிலேருந்து நெட் இல்லை."

"வந்துடும்ங்க" என்றான் சாதாரணமாக. பிறகு ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்தான். "இவ்ளோ தூரம் வந்துட்டு பாதியில உட்றாதீங்க. நீங்க உட்டா, எது யாரோடதுன்னே தெரியாம போயிடும், பாவம்."

பாவமாமே! நட்சத்திரத்துக்குப் பாவம் பார்க்கிற ஒரு மனுஷன். போதும், இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. சம்மதம்னு அப்பாகிட்ட சொல்லிடு."

அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"யாரைடி? குத்தம்பாக்கத்துலேருந்து கிளம்பின மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் பாரிவாக்கம் சிக்னலையே தாண்டலையாம். அது கிடக்கட்டும், நெட் ரிப்பேருக்கு வந்த தம்பி உன் ரூம்ல அரை மணி நேரமா என்னதான் பண்ணிட்டிருக்கு?"