கொதிநீர்

கெட்டிலில் மிச்சமிருந்ததையும் மரத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு விரலை விட்டுப் பார்த்தாள் ஷூமின். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

பச்சைத் தண்ணீர் கலக்கவில்லை. வேண்டுமென்றேதான் கலக்கவில்லை.

"ஏழாம் நம்பர், தண்ணி ஆச்சா? இல்ல ஆத்துக்குப் போய் மொண்டுட்டு வரணுமா?" என்றான் சாய்வு நாற்காலியில் கிடந்த பாங் தேஹாய்.

அவன் வாயில் அவளுக்குப் பெயர் கிடையாது. சட்டையில் குத்தியிருந்த எண்தான்.

ஃபுஷுன் நகரத்தில் கால் கழுவி அழுத்திவிடும் கடைகள் தெருவுக்கு நாலு இருந்தன. ஆனாலும் எட்டு மாதமாகச் சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் அவன் இங்கேதான் வந்தான். வந்தால் ஏழாம் நம்பர்தான் வேண்டும். உட்கார்ந்ததும் வசவு ஆரம்பிக்கும்.

"இது கையா, ஊறிப்போன நூடுல்ஸா? அழுத்தும்மா. காலையில சாப்பிடலையா?"

இருபது வருடத்துக்கு முன்னால் நூற்பாலையின் மூன்றாம் பட்டறைக்கு அவன்தான் தலைவன். ஆட்குறைப்புப் பட்டியலின் கடைசிப் பெயரைத் தன் கையாலேயே எழுதினான். ஜியாவ் ஷூமின். அப்போது அவளுக்கு ஆறு மாதம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது அவன் கால் வாராவாரம் அவள் மடியில் கிடந்தது. அவளை அடையாளம் தெரிந்த மாதிரியே அவன் காட்டவில்லை.

வேலையைப் பறித்ததைக்கூட அவள் விழுங்கிவிட்டாள். இதை விழுங்க முடியவில்லை.

பாங் இரண்டு கால்களையும் ஒரு சேரத் தொட்டிக்குள் இறக்கினான்.

அவள் அலறலுக்காகக் காத்திருந்தாள்.

அவன் ஒரு சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துத் தொலியைத் துப்பினான். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் டாக்டரைத் திட்டத் தொடங்கினான்.

"பிரஷர் நூத்தியெம்பதாம், சர்க்கரை ஏறிக் கிடக்காம். ரெண்டுக்கும் மாத்திரையாம். விக்கிறதுக்குன்னே பயமுறுத்துறான் பொடிப்பய. எங்கப்பன் உப்புல ஊறின முட்டைக்கோஸும் சாராயமுமா எம்பது வயசு வரைக்கும் ஓட்டினான்."

ஷூமின் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

பாங் குனிந்து அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, இது தண்ணியா, பனிக்கட்டியா?"

கொதிக்கிற தண்ணீர் அவனுக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டு அந்தக் கால்களை வெளியே தூக்கினாள். முழங்கை வரை எரிந்தது. கத்தியது அவள்தான்.

கால்கள் வெந்த நண்டாகச் சிவந்திருந்தன. அங்கங்கே தோல் கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. வலது காலில் மூன்று விரல்கள் மட்டும் சிவக்கவே இல்லை. மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவற்றின் இடுக்கில் சோயா மொச்சை அளவுக்குக் கறுப்பாக ஒரு குழி.

வாராவாரம் பிடித்த கால்தான். வெறுப்பில் அவள் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேலை பழகும்போது சொல்லிக் கொடுத்தபடி பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடி பார்த்தாள். இடது காலில் மெல்லிசாக ஓடியது. வலது காலில் ஒன்றுமே இல்லை.

பாங் தன் கால்களைப் பார்த்தான். வாயில் இருந்த விதையை மெல்லவே மறந்துபோனான். ஷூமின் டாக்ஸி பிடித்து அவனை ஏற்றினாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் இரக்கம் எதுவும் இல்லை.

"சர்க்கரை நரம்பை மரக்கடிச்சிருக்கு. அதான் சூடு உறைக்கல. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து ரத்தக்குழாயை அடைச்சு வச்சிருக்கு. இடது காலைக் காப்பாத்திடலாம். வலது கால்ல விரல் போகும். அதோட நிக்குமான்னு குழாயைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எதுவும் மிஞ்சியிருக்காது."

பிறகு நோட்டைத் திறந்தார். "இந்த வெந்த புண் எப்படி வந்துச்சு?"

ஷூமின் வாயைத் திறப்பதற்குள் பாங் சொன்னான்.

"நானே வெந்நீர ஊத்திக்கிட்டேன். வீட்டுல. இந்தம்மா வழியில பாத்துக் கூட்டிட்டு வந்துச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

பாங் கூரையைப் பார்த்தபடியே பேசினான். குரல் மட்டும் பட்டறைத் தலைவனின் குரலாகவே இருந்தது.

"மூணாம் பட்டறை. ஜியாவ் ஷூமின். பிள்ளத்தாச்சி. மொத நாளே தெரியும்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னை வெறுக்கிற கைதான் ஓங்கி அழுத்தும்னு உன்கிட்ட வந்தேன். நீ கெட்டிலக் கவுத்ததையும் பாத்தேன். ஊத்தட்டும்னுதான் கால விட்டேன்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டான். "இதோட நமக்குள்ள சரியாப் போச்சு. வீட்டுக்குப் போ."

சரியாப் போச்சு.

எரிந்துகொண்டிருந்த கைகளை அவள் பார்த்தாள். எட்டு மாதமாக அவளைத் தெரிந்துகொண்டேதான் திட்டியிருக்கிறான். இன்றைக்கு எப்போது முடித்துக்கொள்வது என்பதையும் அவனே சொல்கிறான், அன்றைக்குப் பட்டியல் எழுதியது போலவே.

அவள் வாசலுக்குப் போனாள்.

"டாக்டர், கொஞ்சம் நில்லுங்க. அந்தாளு சொன்னது பொய். நான்தான் ஊத்தினேன். வேணும்னேதான் ஊத்தினேன்."