ஞாயிறு வரைக்கும் டிக்

காலைப் பத்து மணி வெயில், பாதி விலகிய திரை வழியாக என் விடுதி அறைக்குள் நுழைந்து, மேசையில் கிடக்கும் ஐந்து காபிக் கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கிறது. ஒன்றில் பூஞ்சை. சொல்லாமல் வந்து நிற்கும் அப்பா உட்கார இடம் தேடுகிறார். நாற்காலி முழுக்க என் அழுக்குத் துணி. நான்கு நாளாகச் சீப்பு படாத தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "பரீட்சை நேரம்ப்பா" என்கிறேன். தினமும் போனில் "நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன்" என்று சொன்ன அதே வாய். அவர் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்கிறார். கல்லூரி ஆலோசகர் இந்த வாரத்துக்குத் தந்தது: எட்டு மணி நேரத் தூக்கம், அரை மணி நடை, மூன்று வேளைச் சாப்பாடு. எல்லாக் கட்டத்திலும் என் பச்சை மை டிக். லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய விரல், கிரீஸ் போகாத நகத்தோடு கட்டம் கட்டமாக நகர்ந்து ஞாயிற்றுக்கிழமையில் நிற்கிறது. "இன்னைக்கு வியாழன்தானேம்மா?" என் காது மடல் சுடுகிறது. திங்களன்றே ஒரே மூச்சில் போட்டு முடித்த டிக்குகள் அவை. "லிஃப்ட்ல செக் பண்ணாமலே டிக் போட்ட அட்டையைப் பார்த்தா, நாங்க யாரையும் திட்ட மாட்டோம்" என்கிறார், குரலை உயர்த்தாமல். "முதல்ல லிஃப்ட்டை நிறுத்திடுவோம். அப்புறம்தான் உள்ளே என்னன்னு பார்ப்போம்." என் லேப்டாப்பை மெல்ல மூடுகிறார். துணிக் குவியலை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்கிறார். அவர் முகத்தைத் தவிர, அறையில் இருக்கிற எல்லாவற்றையும் பார்க்கிறேன்.