நாலு மணிக்குள் ஒரு பாட்டு

குமாசி நகரத்தில் முடி பின்னிவிடும் அஃப்ரியேயின் கடையில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். இலவசமாகப் பாட்டுப் போடும் செயலி இன்று நாலு மணியோடு மூடப்படுகிறது. மணி மூன்று ஐம்பத்தைந்து. லிபியா போய் இரண்டு வருஷமாகத் தகவலே இல்லாத அவள் கணவன் குவார்டெங் பாடிய ஒரே பாட்டு அதில்தான் இருக்கிறது, இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. அதனால் அவள் போனில் பாட்டை ஓடவிட்டு, பாதித் தலை பின்னிய நிலையில் உட்கார்ந்திருக்கும் போமாவின் போனில் பதிவு செய்கிறார்கள். காத்திருக்கும் பெண்கள் இருமலை அடக்குகிறார்கள். அஃப்ரியேயின் மூக்கு நுனியில் வியர்வை நிற்கிறது, அவள் துடைக்கவில்லை. குவார்டெங்கின் குரல் மேலேறும்போது வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. "கெஜெச்சியா! கெஜெச்சியா!" என்று சந்தைக்கு ஆள் கூப்பிடுகிறான் நடத்துநர். போமா பல்லைக் கடிக்கிறாள். முதலிலிருந்து போட நேரமில்லை. பாட்டு முடிகிறது. மணி நாலு. செயலி மூடி, திரையில் 'நன்றி' மட்டும் மிஞ்சுகிறது.

"கெட்டுப்போச்சே அக்கா!" என்று போமா அழாக்குறையாகப் பதிவை ஓடவிடுகிறாள். நடுப்பாட்டில் அந்தக் கத்தல். அஃப்ரியே மறுபடி போடச் சொல்கிறாள். இன்னொரு தடவையும்.

"அழிச்சிடாதடி. அவரு அந்த வேன்ல நம்ம வாசல்ல வந்து இறங்கிப் பாடுற மாதிரி இருக்கு."